ஒருவருக்கு இரண்டு மட்டுமே

எங்கள் கடைக்கு எதிரே சூப்பர்மார்க்கெட் திறந்த அன்று, வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றவர் என் கணவர். முதலில் வருகிறவர்களுக்குக் குடை இலவசம் என்று அறிவித்திருந்தார்கள். அவர் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு சாலையைக் கடந்து வந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது பார்க்க வேண்டாமா என்றார். அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. இப்போது யோசித்தால் அவர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர் போனது என் கண்முன்னேதான்.

கிள்ளானில் மேரு சாலையிலிருந்து பிரிகிற ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறது எங்கள் மளிகைக் கடை. ஒரே தெருதான். இரண்டு பக்கமும் கடை வரிசை. முடி திருத்தும் கடை, தையல் கடை, சீனர் ஒருவரின் இரும்புச் சாமான் கடை, மூலையில் தேநீர் விற்கும் ஓர் ஒட்டுக்கடை. என் கணவர் துறைமுகத்திலிருந்து கொள்கலன் லோரி ஓட்டியவர். முதுகெலும்பு விலகி இனி லோரி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு இந்தக் கடையைத் தொடங்கினோம். அவர் கவுண்டரில் உட்காருவார். ஓடியாடி எடுத்துக் கொடுப்பது என் வேலை. மேருவில் இருக்கும் தொழிற்சாலைகளுக்குப் போய்வரும் குடும்பங்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள்.

கடை தொடங்கிச் சில வருடங்கள் கழித்து ஒருத்தி வேலை கேட்டு வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை, கூடவே வைத்துக்கொண்டு வேலை செய்யலாமா என்று கேட்டாள். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு தொட்டில் கட்டினோம். அந்தப் பிள்ளை எங்கள் கடையில்தான் தவழ்ந்தது, எங்கள் கடையில்தான் நடக்கப் பழகியது. என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டது.

பதினான்கு வருடங்கள் அவள் என்னோடு இருந்தாள். எனக்குத் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரியும். எந்த வீட்டில் சர்க்கரை நோய், எந்த வீட்டில் புரட்டாசி முழுக்கச் சைவம், எந்த அக்கா நெத்திலியில் தலை கிள்ளியதுதான் வாங்குவார், எந்த அங்கிள் வெற்றிலையை முகர்ந்து பார்த்துத்தான் எடுப்பார் என்று எல்லாம் அவள் மனத்தில் இருந்தது. ஒருவர் கடை வாசலில் மோட்டாரை நிறுத்துவதற்குள் அவருக்கு வேண்டியதை எடுத்துக் கவுண்டரில் வைத்துவிடுவாள். நான் பெயரை மறந்து விழிக்கும்போது பின்னாலிருந்து மெதுவாகச் சொல்லிக் கொடுப்பாள். எனக்குக் கூடப்பிறந்த தங்கை கிடையாது. அவளைத்தான் அப்படி நினைத்துக்கொண்டேன். மற்றவர்களிடமும் அப்படியே சொன்னேன்.

கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கடை மூடிப்போகும் என்று நாங்கள் பயந்தோம். அவள்தான் தன் கைத்தொலைபேசியில் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினாள். காலையில் என்ன காய்கறி வந்திருக்கிறது என்று படம் எடுத்துப் போடுவாள். தாமான் முழுக்க அதில் சேர்ந்தது. அவரவருக்கு வேண்டியதைக் கட்டி வைப்போம், என் கணவர் பழைய வேனில் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வருவார். அந்த ஆண்டு கடை பிழைத்தது அவளால்தான். இதை நான் மறுத்ததே இல்லை. குழுவுக்கு எங்கள் கடைப் பெயரைத்தான் வைத்திருந்தாள். அதனால் அது கடையுடையது என்று நான் நினைத்தேன். வெள்ளிக்கிழமைக்கு வாழை இலை, தைப்பூசத்துக்குப் பால்குடம் என்று பின்னாலும் எல்லாம் அந்தக் குழுவிலேயே நடந்தது. எனக்குக் கைத்தொலைபேசியில் அவ்வளவு பழக்கம் இல்லை. அவள் பார்த்துக்கொள்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

எதிர்க் கட்டடத்துக்குச் சூப்பர்மார்க்கெட் வரப்போகிறது என்று தெரிந்ததும் தெருக் கடைக்காரர்கள் எல்லாரும் முடி திருத்தும் கடையில் கூடினோம். நகராண்மைக் கழகத்துக்கு மனு கொடுப்பது என்று முடிவாயிற்று. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியது நானும் அவளும்தான். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னவர் யாரும் இல்லை. நம்ம கடை இருக்கும்போது அது எதுக்குலா என்று சொல்லித்தான் போட்டார்கள். மனு என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியாது. திறப்பு விழா அன்று கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேரை அந்தக் குடை வரிசையில் பார்த்தேன்.

முதல் சில மாதங்கள் நான் நினைத்த அளவு மோசமாக இல்லை. சோப்பு, பால்மாவு, பிஸ்கட் வாங்க அங்கே போனார்கள். ஆனால் அங்கே வாழை இலை இல்லை. நல்ல வெற்றிலை இல்லை. உளுந்து என்று ஏதோ ஒரு பழைய பொட்டலம் மட்டும் இருந்தது. இது போதும், இதை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்வேன். வாரத்துக்கு ஒரு முறை அவளை அங்கே அனுப்பினேன். என்ன புதிதாக வந்திருக்கிறது, என்ன விலை என்று பார்த்துவரச் சொன்னேன். அவளுக்கு விருப்பமே இல்லை. வெட்கமா இருக்குக்கா, எல்லாரும் பாக்குறாங்க என்றாள். நான்தான் வற்புறுத்தினேன்.

ஒரு நாள் திரும்பி வந்து, மேனேஜர் தன்னைப் பார்த்துப் பேசினார் என்று சொன்னாள். வாராவாரம் வந்து துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போவதைக் கவனித்திருக்கிறார். எந்தக் கடை என்று கேட்டுச் சிரித்தாராம். அவளும் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன்.

அதற்கு ஒரு மாதம் கழித்து, கடையில் கூட்டம் இல்லாத ஒரு மத்தியான வேளையில், அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். மாமியாருக்கு முடியவில்லை, ஜெஞ்சாரோமில் தனியாக இருக்கிறார், ஒரு கை ஒரு கால் வரவில்லை, தான் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும், திரும்பி வர எத்தனை மாதம் ஆகும் என்று தெரியாது என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். கவலையில் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

போகிற அன்று அவளுக்கு ஒரு பட்டுப் புடவை வாங்கிக் கொடுத்தேன். அவள் மாமியாருக்குச் சத்துமாவு டின், மெத்தையில் விரிக்க ரப்பர் துணி, தைலம் என்று ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தேன். என் கணவர் வேனில் கொண்டுபோய் விடுகிறேன் என்றபோது, வேண்டாம் அண்ணே, வீட்டுக்காரர் வருகிறார் என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த இரண்டு மாதமும் வாரம் ஒரு முறை அவளைக் கூப்பிட்டுப் பேசினேன். இப்போது அந்தப் பேச்சுகளை நினைத்தால்தான் எனக்குப் பொறுக்கவில்லை. மாமியார் இன்றைக்குக் கஞ்சி குடித்தார் என்பாள். விரலை அசைத்தார் என்பாள். ஒரு தடவை, அக்கா அனுப்பிய தைலம்தான் தேய்த்துவிடுகிறேன் என்று சொன்னாள். நான் கோயிலுக்குப் போய் அந்த அம்மாள் பெயரில் அர்ச்சனை செய்தேன். நட்சத்திரம் தெரியவில்லை என்று அவளிடமே கூப்பிட்டுக் கேட்டேன். இரண்டு முறை கேட்ட பிறகுதான் சொன்னாள்.

தீபாவளி நெருங்கியது. அந்தச் சமயத்தில் எங்களுக்குப் பெரிய தலைவலி சமையல் எண்ணெய். மொத்த வியாபாரி எங்களுக்குக் கொடுக்கும் விலையைவிட எதிர்க் கடையில் விலை குறைவாக எழுதிப் போட்டிருந்தார்கள். அதை வாங்கி நம் கடையில் வைத்து விற்றாலே கொஞ்சம் மிஞ்சும். இந்தத் தெருவில் மட்டும் இல்லை, எங்கேயும் சின்னக் கடைக்காரர்கள் இதைச் செய்கிறார்கள். யாரும் வெளியே சொல்வதில்லை. தையல் கடை அக்காதான் எனக்கு வழி சொல்லிக் கொடுத்தார். ஒருவருக்கு இரண்டு போத்தல் மட்டுமே என்று எழுதியிருக்கும், ஒவ்வொரு கவுண்டராக மாறி மாறிப் போய்ப் பணம் கட்டு என்றார்.

அதுவரை அந்தக் கடைக்குள் நான் காலெடுத்து வைத்ததில்லை. காலையில் கூட்டம் சேரும் முன் போனேன். குளிர்சாதனக் காற்று முகத்தில் அடித்தது. முதல் வரிசையைத் தாண்டியதும் எனக்கு நடை நின்றுவிட்டது. ஒரு முழுப் பக்கம் நம் சாமான்களாக இருந்தது. வாழை இலையை நாங்கள் கட்டுவது போலவே நரம்போடு சேர்த்து மடித்துக் கட்டியிருந்தார்கள். வெற்றிலையை ஈரத்துணி போட்டு மூடியிருந்தார்கள். முறுக்கு மாவுக்குப் பக்கத்தில் ஓமம், அதற்குப் பக்கத்தில் எள், அதற்குப் பக்கத்தில் அச்சு. வாங்க வருகிறவள் அடுத்து எதைத் தேடுவாள் என்று தெரிந்த ஒருத்தி அடுக்கிய அடுக்கு அது. அப்போதும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. இவ்வளவு சரியாக யார் அடுக்கினார்கள் என்று மட்டும் வியந்தேன்.

தள்ளுவண்டியில் ஆறு போத்தல் எண்ணெய் வைத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனேன். முதலில் இரண்டை எடுத்து வைத்தேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் வண்டியில் மீதி நான்கைப் பார்த்துவிட்டு, சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள்.

வந்தவள் அவள்தான்.

நீலச் சட்டை போட்டிருந்தாள். கொண்டையை வலைக்குள் அடக்கியிருந்தாள். உதட்டுக்குச் சாயம். பதினான்கு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் உதட்டுக்குச் சாயம் பூசி நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. ஆனால் பின்னால் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். அவள் என் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஒரு ஆளுக்கு ரெண்டுதான், மேடம்."

குனிந்து என் வண்டியிலிருந்து நான்கு போத்தல்களையும் ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தாள். எங்கள் கடையில் எத்தனையோ எண்ணெய்ப் பெட்டிகளைத் தூக்கிய கைகள். எனக்குக் கத்த வரவில்லை. வாயில் வந்தது இதுதான்.

"மாமியார் எப்படி இருக்காங்க?"

அவள் நிமிரவில்லை. "நல்லா இருக்காங்க" என்று தரையிடம் சொன்னாள்.

கவுண்டரில் வைத்த இரண்டு போத்தலையும் அங்கேயே வீசிவிட்டு வந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படிச் செய்யவில்லை. பணம் கட்டி எடுத்துக்கொண்டுதான் வந்தேன். கடைக்கு எண்ணெய் வேண்டும். என் கணவரிடம் சொன்னேன். அப்ப ஜெஞ்சாரோம் போனதெல்லாம் பொய்யா என்று மட்டும் கேட்டார். இரண்டு மாதமும் அவள் சுபாங் ஜெயாவில் இருக்கும் அவர்களுடைய இன்னொரு கிளையில் பயிற்சியில் இருந்திருக்கிறாள் என்று பிறகு தெரியவந்தது.

நான் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். இரண்டு நாளில் வந்தது வேறு. காலையில் கடை திறந்ததும் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். குழுவின் பெயர் மாறியிருந்தது. அதில் எங்கள் கடைப் பெயர் இல்லை. அதற்குக் கீழே, நான் குழுவிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதாக ஒரு வரி. எனக்குச் சரியாகப் புரியவில்லை. முடி திருத்தும் கடைத் தம்பியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தயங்கித் தயங்கித் தன் கைத்தொலைபேசியைக் காட்டினார். அதில் சூப்பர்மார்க்கெட்டின் தீபாவளிச் சலுகைப் படங்கள் வரிசையாக வந்திருந்தன. கீழே எங்கள் வாடிக்கையாளர்கள் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். நன்றி தங்கச்சி என்று ஓர் அங்கிள் எழுதியிருந்தார். என் மகள் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர்.

அந்தத் தீபாவளிக்கு நாங்கள் வாங்கிப் போட்டதில் பாதி அப்படியே நின்றது. வாழை இலைகளைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டோம்.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். போகாதே என்று என் கணவர் சொன்னார். அவர் சொன்னதைக் கேட்கவில்லை. மலிவு விலை அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது அவள் மகள். பெரியம்மா என்று சொல்லிவிட்டு, அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் மகளைக் கீழ்வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, எனக்கு நாற்காலி போட்டாள். தான் உட்காரவில்லை.

"உண்மையச் சொல்லிட்டே போயிருக்கலாமே" என்றேன்.

"சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டீங்கக்கா."

"விட்டிருப்பேன்."

"மாட்டீங்க. முன்ன ஒரு துணிக்கடைல வேலைக்குக் கூப்பிட்டப்ப என்ன சொன்னீங்க? நீ இந்த வீட்டுப் பிள்ளைன்னு சொன்னீங்க. அழுதீங்க. அப்புறம் எப்படிக்கா நான் போறது?"

எனக்கு அது நினைவே இல்லை. அவள் சொன்ன பிறகுதான் மங்கலாக வந்தது. அவள் நிறுத்தவில்லை. பதினான்கு வருடத்தில் தீபாவளிக்கு முதல் நாள் ஒரு முறைகூடத் தான் தன் வீட்டில் இருந்ததில்லை என்றாள். எல்லார் வீட்டு முறுக்குக்கும் மாவு நிறுத்துக் கொடுத்துவிட்டு, தன் பிள்ளைக்குக் கடையில் வாங்கிய முறுக்கைத்தான் கொடுத்தாளாம். காய்ச்சல் என்றாலும் வந்தாள். அங்கே வேலை நேரம் முடிந்தால் முடிந்தது, உடம்புக்கு முடியாவிட்டால் டாக்டரிடம் எம்சி சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுப் படுக்கலாம், யாரும் முகம் வாடி உட்கார மாட்டார்கள் என்றாள். இதையெல்லாம் கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப நாளாகச் சொல்லிப் பழகி வைத்திருந்தது போல அமைதியாகச் சொன்னாள்.

"குரூப்ப எதுக்கு எடுத்தே?" என்று கேட்டேன்.

"அத நான்தானேக்கா ஆரம்பிச்சேன். என் போன்ல."

"அதுல இருக்கிறவங்க என் கடைக்கு வந்தவங்க."

"உங்க கடைக்குத்தான் வந்தாங்க. பேசுனது என்கிட்ட."

அவள் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. முழுக்க அநியாயமாக இருந்திருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன். நான் எழுந்து நின்றேன். கடைசியாக ஒன்றைக் கேட்காமல் வர முடியவில்லை.

"நட்சத்திரம் கேட்டேனே. அப்பவாவது உனக்குச் சொல்லத் தோணலையா?"

அப்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "அது தப்புதான்க்கா" என்றாள். "அது ஒண்ணு மட்டும் தப்பு."

நான் படியிறங்கி வந்துவிட்டேன். அவள் ஒன்று மட்டும் என்று சொன்னதைத்தான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு முதலில் எல்லாமே ஒன்றாகத்தான் தெரிந்தது. வேலையை விட்டுப் போனது, இலை கட்டும் விதத்தை அங்கே போய்ச் சொல்லிக் கொடுத்தது, குழுவை எடுத்துக்கொண்டது, எல்லாவற்றையும் மன்னிக்க ஒரு வழி தேடிப் பார்த்தேன். கஞ்சி குடித்தார், விரலை அசைத்தார் என்று என்னிடம் சொன்னதை மட்டும் கடக்க முடியவில்லை. நோயே இல்லாத ஒரு மனுஷிக்காக நான் கவலைப்பட்டேன். அந்தக் கவலையைக் கேட்டுக்கொண்டே அவள் இரண்டு மாதம் பதில் சொன்னாள்.

அடுத்த வருடம் எங்கள் கடையைப் பாதியாக்கினோம். ஒரு கதவை மூடி, அந்தப் பக்கத்தைக் கைத்தொலைபேசி பழுது பார்க்கிறவருக்கு வாடகைக்கு விட்டோம். தையல் கடை அக்கா கடையை மூடிவிட்டு மகனோடு பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போய்விட்டார்.

அவளையும் அவர்கள் அங்கே ரொம்ப நாள் வைத்திருக்கவில்லை. சுபாங் ஜெயாக் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். தினம் போக வர அவ்வளவு தூரம். அவள் இடத்துக்கு வந்த பையனுக்குத் தமிழ் தெரியாது. நம் சாமான்கள் இருந்த பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி இரண்டு தட்டாயிற்று. குழுவில் யாராவது இலை இருக்கா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை என்று முடி திருத்தும் கடைத் தம்பி சொன்னார். அதற்குப் பிறகு பழைய முகங்கள் சில எங்கள் கடைக்கு வரத் தொடங்கின. கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்த அந்த அங்கிளும் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். அங்கே வெற்றிலை சரியில்லை என்றார். வெற்றிலையை எடுத்துக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, தலையாட்டிக்கொண்டே போனார்.

இப்போது வேறொரு பெண் எங்களிடம் வேலை செய்கிறாள். தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானமே கடையை மூடிவிடுகிறோம். காரணம் கேட்கிறவர்களிடம் வயசாகிவிட்டது என்று சொல்கிறேன். அந்தப் பெண்ணை நான் தங்கை என்று சொல்வதில்லை. அவள் நல்லவள்தான். எனக்குத்தான் அந்தச் சொல் வருவதில்லை.

போன மாதம் கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவளைப் பார்த்தேன். எங்களைக் கொண்டுபோய் உட்கார வைத்த மேசையில் அவளும் இருந்தாள். எழுந்து வேறு மேசைக்குப் போனால் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். அதனால் உட்கார்ந்தேன். மகள் போலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கிறாள் என்றாள். என்ன படிக்கிறாள் என்று கேட்டேன், சொன்னாள். சாம்பார் வந்தபோது முதலில் எனக்கு ஊற்றச் சொன்னாள். தலையில் நரை கூடியிருந்தது. முழங்கால் வலிக்கிறதாம், நாள் முழுக்க நின்றே இருக்க வேண்டியிருக்கிறதாம். எந்த மருந்து போடுகிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

திரும்பி வரும்போது என் கணவர் வண்டி ஓட்டிக்கொண்டே, ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்களா என்று கேட்டார்.

பேசினோம் என்றேன். அவர் வண்டியை மேரு சாலைக்குத் திருப்பினார்.